பக்கச் சந்து கேட்டின் இரண்டாவது சாவி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிக்கொள்ளுங்கள். பத்து மணிக்குக் குழாய்க்காரர் வருவார். நம் சந்துக்கடியில் பின்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் போகிற தண்ணீர்க் குழாயைத் தோண்டி எடுக்கத்தான். நேற்று சாயங்காலம் நீங்கள் கேட்டில் மாட்டிய பூட்டைத் திறந்துவிடுங்கள்.

அவங்க வீட்டுக்குப் பின்பக்கம் தெரு வந்துவிட்டது, நம் சந்தில் நடக்கவும் குழாய் கொண்டுபோகவும் இருந்த பாத்தியதையும் முடிந்துவிட்டது, வாஸ்தவம்தான். அதற்காக "இனி ஒரு கால் இங்க படக்கூடாது" என்று நீங்கள் குதித்தது ரொம்ப அதிகம். வக்கீல் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினீர்கள். மீதி இது: "அவங்க குழாயை எடுத்துக்க நீங்க விடணும். பள்ளத்தை மூடி, தரையைப் பழையபடி ஆக்கித் தர்றது அவங்க பொறுப்பு." மூடியதும் மிதித்துப் பாருங்கள். மண் அமுங்கினால் விடாதீர்கள், அதில் நான் உங்கள் கட்சி.

இன்று இருவரும் ஏன் இப்படி அசந்து தூங்கினோம், தெரியுமா? பதினெட்டு வருஷமாக ஆறரை மணிக்கு அந்தம்மா பஸ்ஸுக்குப் போகும்போது கேட் கிரீச்சென்று போடுகிற சத்தம்தான் நம்மை எழுப்பிக்கொண்டிருந்தது. உங்களுக்கு லீவு. நான் தலைகூட வாராமல் ஓடுகிறேன்.

பி.கு.: இரண்டாவது சாவியைத் தேட வேண்டாம், போகிற வழியில் அவங்களிடம் கொடுக்கப்போகிறேன். பாத்தியதையாக இல்லை, நம் இஷ்டத்துக்கு. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், வக்கீலிடம் கேட்டுவிட்டேன். சாயங்காலம் வந்ததும் திட்டுங்கள்.

இன்னொன்று, கேட்டுக்கு விட எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறீர்களே, அதைத் தொடாதீர்கள்.