நான்கு வருஷம் நின்ற லோரி

சுங்கை பினாங்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் தர்மினிக்கு அம்மா எழுதுவது. நீ அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் தடுமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனைக் கேட்டுக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். இங்கே அப்பாவுக்குப் பிரஷர் மட்டுப்பட்டிருக்கிறது, எனக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. போனில் சொல்லாமல் இதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதியை விழுங்கிவிட்டு எல்லாம் சரி என்று சொல்லி வைத்துவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். இது விழுங்குகிற விஷயம் இல்லை. ஒரு வாரமாய் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு அருவருப்பு.

கீழே கார் நிறுத்துகிற இடத்தின் மூலையில் நிற்கிற அப்பாவின் லோரியைப் பற்றித்தான். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் லோரி ஓட்டி வீட்டுச் சாமான் ஏற்றப்போகிறாரா என்று நம் சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தபோது நீ இங்கேதான் இருந்தாய். அந்த ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபடியே அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போன நாளிலிருந்து நான் லோரிக்கு அருகே போனதில்லை. குப்பை போடக் கீழே இறங்கினாலும் மறுபக்கம் சுற்றித்தான் வருவேன். நான்கு வருஷம் அது அப்படியே நின்றது. போன மாதம் அதன் கண்ணாடியில் அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, துர்நாற்றம், எலித் தொல்லை, பதினான்கு நாளில் தானாக நகராத வாகனம் இழுத்துச் செல்லப்படும் என்று. கீழே கையெழுத்து, செயலாளர் மயூரன். உன் சித்தப்பாதான், குழுவில் இருக்கிறவர் தன் கடமையைச் செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். கீழ்வீட்டு ஹாஜராவும் தயங்கித் தயங்கி, அக்கா கோவிச்சுக்காதீங்க, லோரிலேருந்து செத்த வாடை வருது, எலி என் அடுப்படி வரைக்கும் வருது என்று சொன்னபோது எனக்கு மானம் போய்விட்டது. நீயும் இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள் அம்மா என்றாய், நானும் சரி என்றேன். அன்று சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், லோரியை எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அன்றும் மறுநாளும் ஒரு கரண்டி உள்ளே போகவில்லை. ஐந்தாம் மாடியிலிருந்து அவர் வேடிக்கை பார்ப்பது ரோட்டை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் சாய்வில் குனிந்து நானும் பார்த்தேன், அங்கிருந்து நேரே தெரிவது லோரியின் கூரைதான்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? பாயான் லெப்பாஸில் பேக்டரி பஸ்களுக்கு வேலை பார்க்கிற முகம்மது கனியைக் கூப்பிட்டேன், அப்பாவிடம் வந்து டீ வாங்கித் தரச் சொல்லி அரட்டை அடிப்பாரே, அவரேதான். போன திங்கட்கிழமை வந்தார். முன்கூண்டைச் சாய்த்து இஞ்சினைத் திறந்தார், நான் ஓடிப்போய்க் கால்வாய் ஓரம் வாந்தி எடுத்தேன் மகளே. இஞ்சின் மேலே முழுக்க எலிக்கூடு. கோழி எலும்பு, தீபாவளிப் பலகாரப் பையின் துணுக்கு, யாரோ வீட்டுக் குழந்தையின் டயப்பர்ப் பஞ்சு, அதற்கு நடுவே முடி முளைக்காத ரோஸ் நிறக் குஞ்சுகள் ஏழு நெளிகின்றன. ஒயர்களை எல்லாம் கடித்துத் தின்றிருந்தன. டீசல் டாங்கிக்கு மூடி கிடையாது, யாரோ திருடிப் போனதற்குப் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அடியிலிருந்த திருகைக் கழற்றியதும் டீசலா வந்தது, கறுப்புத் தயிர் மாதிரி கட்டி கட்டியாய்ச் சளி வந்தது. தண்ணி சேர்ந்தா டீசல்லயும் பூசணம் புடிக்கும் அக்கா என்றார் கனி. அந்த நாற்றம் என் கூந்தலில் ஏறி, மூன்று முறை சீயக்காய் போட்டும் போகவில்லை. ஆனால் அவர் முதலில் பார்த்தது வேறு. இஞ்சினின் முன்முனையில் இருக்கிற பெரிய சக்கரத்தில் நீளமான ஸ்பானரை மாட்டி, உடம்பையே கொடுத்து அழுத்தினார். இது சுத்தலைன்னா உள்ள இறுகிப்போச்சுன்னு அர்த்தம், நான் பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவேன் என்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தபடி நின்றேன். முதலில் அசையவில்லை. அப்புறம் ஒரு முனகல், ஒரு கால் சுற்று, அரைச் சுற்று. சுத்துதுக்கா என்றார். எனக்கு ஏன் கண்ணீர் வந்தது என்று தெரியவில்லை, நாற்றத்தினால் என்று சொல்லிவிட்டேன்.

இதைவிடக் கேவலம் பின்னால் இருந்தது. சாமான் ஏற்றுகிற பெட்டிக் கதவில் தொங்கிய பூட்டு நம்முடையது இல்லை, என் சாவி நுழையவே இல்லை. கனி வெட்டி எடுத்தார். கதவைத் திறந்ததும் ஈக்கூட்டம் முகத்தில் அடித்தது. உடைந்த டைல்ஸ் மூட்டைகள், மூத்திரக் கறை படிந்த மெத்தை, பழைய கக்கூஸ் கோப்பை, ஒரு பிரிட்ஜ். பிரிட்ஜ் கதவின் கீழே ஏதோ வழிந்து காய்ந்து, புழு ஊர்ந்த தடம். உள்ளே மீன் இருந்ததோ இறால் இருந்ததோ, திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன், உன் சித்தப்பா மகன் கிஷனின் டியூஷன் அட்டவணை, உன் சித்தி கையெழுத்தில். போன வருஷம் அவர்கள் வீட்டைப் புதுப்பித்தார்களே, அந்தக் குப்பை முழுவதையும் உடம்புக்கு முடியாத அண்ணன் லோரியில் கொட்டிப் பூட்டிவிட்டு, நாறுகிறது என்று அதே ஆள் நோட்டீஸும் ஒட்டியிருக்கிறார். இழுத்துக்கொண்டு போனால் அவர் குப்பையும் சேர்ந்து போய்விடும், காலியாகிற இடத்தில் அவர்களுடைய இரண்டாவது காரும் நிற்கும்.

கூப்பிட்டேன், வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், தன் குப்பையைப் பார்த்து! எப்படியும் இரும்புக் கடைக்குத்தானே போகுது லா அண்ணி, கொஞ்ச நாளைக்கு வச்சேன் என்றார். உங்கள் அண்ணன் தினமும் இந்த லோரியைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அண்ணனுக்கு இதெல்லாம் புரியவா போகுது, நீங்க ஏன் வீணா மெனக்கெடுறீங்க என்றார். எலிக்கூட்டைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்கு அருவருப்பாய் இருந்தது. சின்ன வயசில் அவரை அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தைப்பூசத்துக்கு மலை ஏறியவர். ஒரு சாமானையும் இறக்க விடவில்லை நான். சனிக்கிழமை காலையில் லோரி தானாக நகரும், குழுத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கனி ஐந்து நாளும் வேலை முடித்து வந்து பாடுபட்டார். டாங்கியைக் கழற்றிக் கழுவினார், பில்டர், எண்ணெய், பேட்டரி எல்லாம் புதிது, ஒயர் ஒவ்வொன்றாய் மாற்றினார், துருவேறி ஒட்டிப்போன பிரேக்கைத் தட்டித் தட்டி விடுவித்தார். கீழ்வீட்டு ஹாஜரா கூடவே நின்று கூட்டைக் கூட்டி அள்ளி, வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். நேற்றுக் காலையில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் கீழே இறக்கினேன், நல்ல வேளையாய் லிப்ட் வேலை செய்தது. தலைவர், உன் சித்தப்பா, வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். கனி சாவியைத் திருப்பினார், இருமியது, நின்றது. மறுபடி கைப்பம்பை அழுத்தி டீசல் ஏற்றித் திருப்பினார், இருமியது, நின்றது. மூன்றாவது தடவை லோரி முழுவதும் உதறிக்கொண்டு பிடித்துவிட்டது, வெள்ளைப் புகை கார்களை எல்லாம் மூடிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். சீ என்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். நான்கு வருஷமாய் சிரிப்போ கோபமோ வராத முகம் மகளே, அசையாத பாதி போக அசைகிற பாதியில் அப்படி ஒரு வெறுப்பு. புகை என்று நினைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார். பிறகு அந்தக் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். மூன்று மணி மாத்திரையா என்று கேட்டேன், இன்னும் சுளித்தார். பாருங்க, எதையோ காட்டுறாரு பாவம் என்றார் உன் சித்தப்பா தலைவரிடம். கனிதான் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார், விரலைப் பார்த்தார், தலையைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டார். அண்ணே சரியாத்தான் சொல்றீங்க, நாலு சிலிண்டர்ல மூணுதான் எரியுது என்று குதித்து இறங்கினார். டீசல் போகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாய்த் தளர்த்தினார், கடைசிக் குழாயைத் தளர்த்தியபோது சத்தத்தில் மாற்றமே இல்லை, அதில் காற்று அடைத்திருக்கிறது. நுரை நுரையாய் வழிய விட்டு இறுக்கினார். ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு இஞ்சின் ஒரே சீராய் ஓடியது, எனக்கே வித்தியாசம் கேட்டது. அப்பா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார், முகம் தெளிந்துவிட்டது.

கனி லோரியைக் கார் நிறுத்துமிடத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, உன் சித்தப்பாவின் கார் நிற்க வேண்டிய கட்டத்தில் பின்பக்கத்தைத் திருப்பி நிறுத்தினார். உங்கள் சாமானை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள் மயூரன் என்றேன், தலைவர் முன்னால். புருஷனும் பெண்டாட்டியும் கையுறை போட்டுக்கொண்டு கக்கூஸ் கோப்பையைச் சுமந்ததைக் கூட்டமே பார்த்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை, அருவருப்புத்தான் இருந்தது. அதில் பாதி என் மேல். அண்ணனுக்குப் புரியவா போகுது என்று அவர் வாயால் சொன்னார், நான் சொல்லாமல் நான்கு வருஷம் அப்படியே நடந்திருக்கிறேன். எந்தச் சட்டை, எந்தச் சேனல், லோரியை விற்பதா வேண்டாமா, எதையாவது அவரைக் கேட்டேனா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டேன். லோரியைக் கொடுத்துவிடுவதென்றால் ஒரு விரல், வைத்துக்கொள்வதென்றால் இரண்டு விரல் என்றேன். யோசிக்கவே இல்லை, இரண்டு. கனி ஓட்டட்டுமா, சரி என்றால் இரண்டு என்றேன், பரிசோதனை, ரோட்டு வரி எல்லாம் முடிந்த பிறகு? இரண்டு. பிறகு தட்டைக் காட்டி, இந்தக் கேழ்வரகுக் கஞ்சி பிடிக்குதா என்றேன். இஞ்சினைக் கேட்டபோது சுளித்தாரே, அதே சுளிப்பு. நான்கு வருஷம், தினமும், இரண்டு வேளை ஊட்டியிருக்கிறேன் தர்மினி. கஞ்சியைக் கொட்டிவிட்டு இடியப்பம் பிழிந்து, குழைய தேங்காய்ப்பால் சொதி ஊற்றிக் கொடுத்தேன். தட்டு காலி.

சித்தப்பாவுக்கு நீ ஒன்றும் எழுதிச் சண்டை போடாதே, பேசாமலும் இருந்துவிடாதே, அது என் பாடு. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. கடவுள் உனக்கு நல்ல உடம்பும் நல்ல மனசுள்ள துணையும் தர வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் போன் பண்ணினால் அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னைக் கேட்காதே. வீடியோவில் வந்து அவரையே கேள், கேட்டுவிட்டு அவசரப்படாமல் அவர் கையைப் பார்.

அன்புடன்,
உன் அம்மா
செல்வநாயகி ஸ்ரீகரன்