அம்மா திட்டாத வீடு

வீராம்பட்டினம்
09.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சங்கவி எழுதுவது. போனில் பேசினால் அப்பா காதில் விழும். எனக்கு மனம்விட்டுப் பேசவும் வராது, உனக்கே தெரியும். பஹ்ரைனுக்குத் திரும்பும் ஆதிமூலம் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் இருக்கும்.

பக்கவாதம் வந்து விழுந்த கை இப்போது கொஞ்சம் தேறிவிட்டது. டம்ளரை அப்பா தானே பிடிக்கிறார். ஆனால் நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கூடக் கடலுக்குப் போன மாமாக்கள் பார்க்க வந்தால், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார். சோறு வைத்தால் வைத்தபடி ஆறிப்போகிறது.

நீ சொன்னபடி வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை. மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்குவதற்குள் அம்மா அப்பாவைத் திட்ட ஆரம்பித்துவிடுவாளே, தெருவே சிரிக்குமே. இப்போது பூனைபோல நுழைகிறாள். குழம்பில் உப்பில்லை என்று அப்பா சொன்னால், "சரிங்க" என்கிறாள். அம்மா வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. பயமாக இருக்கிறது அண்ணா.

உன் தங்கை,
சங்கவி

பஹ்ரைன்
02.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கருவாட்டு மணத்தோடு வந்தது. படகில் என்னோடு மீன்பிடிக்கும் நான்கு பேர் வாங்கி மோந்து பார்த்தார்கள்.

அப்பாவுக்கு அதிர்ச்சி எதுவும் ஆகக் கூடாது. யாரும் எதிர்த்துப் பேச வேண்டாம். எல்லாம் நல்லபடி இருக்கிறது என்றே சொல். அவரைப் பார்த்துக்கொள்ள நீ பள்ளிக்கூடத்தை விட்டதை இங்கே எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறேன். நீ தங்கமான பிள்ளை.

அண்ணன்,
கலைச்செல்வன்

வீராம்பட்டினம்
25.08.2024

அன்புள்ள அண்ணா,

உன் பேச்சை மீறிவிட்டேன்.

தேரன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா சுவரைப் பார்த்தபடியே, "உங்கம்மா என்னை வுட்டுட்டாளா?" என்றார்.

"தேர் பாக்கத்தான் போயிருக்குதுப்பா."

"அது இல்லம்மா. என்னைத் திட்டவே மாட்டேன்றா. செத்தவனைத்தான் யாரும் திட்ட மாட்டாங்க."

அம்மா வந்ததும் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"யோவ், எத்தினி நாளிக்குய்யா செவுத்துக்குக் காவல் இருப்ப? அது எங்க ஓடிப்பூடப் போவுது? ஊரெல்லாம் கூவி வித்துட்டு வர்றவளுக்கு மூஞ்சி காட்ட மாட்டியா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற."

அப்பா மெல்லத் திரும்பினார். "கொழம்புல உப்பு இல்ல."

"டாக்டரு உனக்கு உப்பு ஆவாதுன்னாரு. வாயக் கட்டு."

அப்பாவுக்குக் கண்ணீர் வழிந்தது. வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

பக்கவாதம் வந்தவர்களுக்கு மனச்சோர்வும் வருவதுண்டாம். அதுவும் நோய்தான், முன்பே அழைத்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். தனி மாத்திரை கொடுத்திருக்கிறார். இன்னமும் அப்பா பாதி நாள் சுவரைத்தான் பார்க்கிறார். கூடை இறங்கும் சத்தம் கேட்டால் மட்டும் தலை திரும்புகிறது.

அண்ணா, நான் பத்தாவதோடு நின்றபோது எல்லோரும் தங்கமான பிள்ளை என்றீர்கள். ஏண்டி நின்னே என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்தவனைத்தான் திட்ட மாட்டார்கள் என்று அப்பா சொன்னதிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கரைக்கு வந்ததும் போன் பண்ணு. எனக்குப் பேச வராது. நீ என்னைக் கொஞ்சம் திட்டு. கேட்டுக்கொண்டிருப்பேன்.

சங்கவி