முதல் வரியில் பாலம்

சுங்காய்த் தோட்டத்து ஆற்றங்கரையில் பழைய தொங்குபாலத்தில் மிஞ்சியிருந்த இரண்டு சிமெண்டுத் தூண்களையும் நேற்று இடித்துவிட்டார்கள். சொன்னவள் உன் மகள். புதிய பாலம் கட்டும் நிறுவனத்தில் அவள் பொறியாளர். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். தொலைபேசியை வைத்த பிறகும் என் மூக்கில் கார்பன் தாளின் வாடை நின்றது மச்சான். உன் ஆபீஸ் வாடை.

எழுபதுகளின் கடைசி. நான் புந்தோங்கில் குடியிருந்து, ஈப்போவில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். நீ அந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. தலைமை அலுவலகத்துக்குப் போகும் மாத அறிக்கையை எழுதித் தட்டச்சு செய்வது நீ, கையெழுத்து தோட்ட மேனேஜரான துரையுடையது. அதற்கு வெள்ளைக்காரர் காலத்து வரிசை ஒன்று இருந்தது. முதலில் மழை, பிறகு ரப்பர் பால், ஆள் வரவு, நோய், கடைசியில் 'இதர விஷயங்கள்'. மழை பெய்தால் பால் வெட்டு கெடும் என்பதால் மழைக்கு முதலிடம். யாரும் அதை மாற்றியதில்லை.

அன்று உன்னைப் பார்க்க வந்தபோது அறிக்கையின் கடைசிப் பக்கம் தட்டச்சுப் பொறியில் இருந்தது. அதன் அடியில் ஒரு வரி: 'தொங்குபாலம் சற்றுப் பழுதடைந்துள்ளது, கவனிக்கப்பட வேண்டும்.' (அறிக்கை ஆங்கிலம். தமிழில் சொல்கிறேன்.) போன மாதமும் அதே வரி போயிருந்தது. பதில் இல்லை. அக்கரை ரப்பர்க் காட்டுக்குப் பால் வெட்டப் போகிறவர்கள் தினமும் நடப்பது அந்தப் பாலத்தில்தான். உன் மனைவியும் அவர்களில் ஒருத்தி.

"நீ போய்ப் பாத்தியா?"

"தண்டல் சொன்னாரு, எழுதினேன்."

ஆட்களை மேய்க்கும் தண்டலின் வாய்ச்சொல்தான். இருவரும் பாலத்தைக் கடந்து போனோம். அக்கரைப் பக்கத்து இரும்புக் கயிற்றில் இழைகள் அறுந்து முள்ளாக விரிந்திருந்தன. நீ விரல் வைத்தாய்; துரு உதிர்ந்தது. நடந்து திரும்ப வேறு வழி இல்லை. ஒருவர் கரையேறும் வரை மற்றவர் நிற்க, ஒவ்வொருவராகத் திரும்பினோம்.

"இத மொத வரியில போடு" என்றேன், ஆபீசுக்கு வந்ததும்.

"நீ ஈப்போவுல உக்காந்துக்கிட்டுச் சொல்லுவ லா. தொரை காய்தத்தத் தூக்கி மூஞ்சில எறிஞ்சா வேலையும் போச்சு, வீடும் போச்சு."

"அப்ப கடைசிப் பக்கத்துலயே வை. அங்க யாரு படிக்கிறா?"

நீ புதுத் தாள் செருகினாய். 'சற்றுப் பழுது' போனது. 'கவனிக்கப்பட வேண்டும்' போனது. யார் கவனிப்பது என்று அதில் இல்லை. கயிறு அறுந்துகொண்டிருக்கிறது, இன்று நேரில் பார்க்கப்பட்டது. முழுதும் அறுந்தால் மேலே இருப்பவர்கள் ஆற்றில் விழுவார்கள். பாலத்தை மூடவும் ஆட்களை லாரியில் அனுப்பவும் அனுமதி வேண்டும். மழை வலுக்குமுன் பதில் வேண்டும். அவ்வளவுதான்.

துரை மலையாளி. தோட்டத் தமிழ் நன்றாக வரும். அறிக்கையை இருவரும் அவரிடம் கொண்டுபோனோம்.

"என்ன கிராணி, மழை எங்க?"

"ரெண்டாம் பக்கத்துல இருக்குங்க தொரை."

"யாரு மாத்தச் சொன்னா? இந்தப் பேப்பர்காரனா?"

"எழுதினது நான்தான். என் வீட்டுக்காரி அதுலதான் போறா."

துரை பேனாவைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். மறுபடி திறந்து கையெழுத்திட்டார். "அனுப்பு. ஆனா பதில் வர்ற வரைக்கும் வெட்டு நிக்காது."

பதில் வரும்வரை நீ காலையில் பாலத்து முனையில் நின்று ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பினாய். அது உன் வேலையில்லை. "கிராணி போலீசு ஆயிட்டாரு லா!" என்று சிரித்தார்கள். மனைவி அக்கரை மண்ணை மிதிக்கும்வரை உன் கண் கயிற்றிலேயே இருந்தது என்று தண்டல் பிறகு சொன்னார்.

தலைமை அலுவலகம் தொலைபேசியில் பேசியது. பாலத்தை மூடச் சொன்னார்கள். பெரிய ரோட்டு வழியாகச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி ஓடியது. உன் மனைவி என்னிடமே முறையிட்டாள்: "அண்ணே, இவரு ரிப்போட்டுனால லாரி குலுக்கி எனக்கு இடுப்பு ஒடியுது!"

பிறகு வெள்ளம் வந்தது. ஆட்கள் வழக்கமாகக் கடக்கும் காலை நேரம். நீ பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தாய்.

"மச்சான், அறுந்துருச்சு."

நான் பென்சிலை எடுத்தேன்.

"அவ லாரியில இருக்கா" என்றாய்.

அடுத்த மாத அறிக்கை மறுபடியும் மழையில்தான் தொடங்கியது. துரை அப்படித்தான் கேட்டார், நீயும் வாதாடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனி அறிக்கைகள் என் மேசைக்கு வந்தன. முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பார்ப்பேன். விழப்போகிறவர்களை அங்கேதான் வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் உன்னால் வந்தது, இன்னும் போகவில்லை.

நேற்று உன் மகள் வேறொன்றும் சொன்னாள். புதிய பாலத்துக்குக் குறித்த இடத்தில் கரை மண் தாங்காதாம். இடத்தை மாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதியிருக்கிறாள். மேலே இருப்பவர்களுக்கு அது பிடிக்காது.

"எங்க போட்டிருக்க?" என்றேன்.

"மொத வரியில மாமா."

கையெழுத்து இன்னும் விழவில்லை. அவளுடைய மேலாளர் வெள்ளிக்கிழமை வருகிறார்.