லாவாஸிலிருந்து அரை மணி நேரம்

ஆகஸ்டு 24, ஞாயிறு

டிக்கெட் போட்டாச்சு! நானா ப்ளேன் ஏறப்போறேன்? எங்க ஊர் சுவாவை விட்டால் சிரம்பான் டவுன், சிரம்பானை விட்டால் சுவா என்று நாற்பத்தொரு வருஷம் ஓட்டியவள். தங்கச்சி நீலாவதி சரவாக் மலையில், பா கெலாலானில் டீச்சர். இப்போ ஏழாம் மாசம். லீவு எடுத்து வர முடியாதாம். அவள் வராவிட்டால் என்ன, வளையல் அவளைத் தேடிப் போகட்டும். செப்டம்பர் 5 வளைகாப்பு.

ஆகஸ்டு 26

வீட்டுக்காரர் யோகேந்திரன் போனில் மேப்பைத் திறந்தால் மூடமாட்டார். மிரி வரை பெரிய ப்ளேன், அங்கிருந்து லாவாஸ், லாவாஸிலிருந்து குட்டி ப்ளேன்.

"லாவாஸ்ல இருந்து அங்க, நாம கோலாலம்பூர் போற தூரம்தான் லா. ப்ளேன்ல அரை மணி நேரம். ரோட்டுல போனா அரை நாள், எலும்பை எண்ணிக்கலாம்."

நான் எதுக்கு ரோட்டில் போகிறேன்?

ஆகஸ்டு 30

சிரம்பானில் லோபாக் பக்கத்துக் கடையில் கண்ணாடி வளையல் வாங்கினேன், சிவப்பும் பச்சையும். நீலாவுக்கும் எனக்கும் ஒரே கை அளவு, குழப்பமில்லை. சந்தோஷமாக வந்தவளைப் புஷ்பவள்ளி அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்கிக் குடு, தப்பில்ல. ஆனா உன் கையால போட்டுடாத. பிள்ள பெத்தவ யாராச்சும் போடட்டும்."

எனக்குப் பிள்ளை இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நெத்தியில எழுதி ஒட்டிக்கணுமா? அம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போனப்ப நீலாவை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ யாரு?

சரி. கொண்டுபோய்க் கொடுப்பேன், போடமாட்டேன். என்னால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

செப்டம்பர் 3

பை கட்டியாச்சு. தூக்கம் வந்தால்தானே!

செப்டம்பர் 4, லாவாஸ்

எடை மெஷினில் பையை வைத்தேன். அடுத்து என்னையும் ஏறச் சொன்னார்கள்! குட்டி ப்ளேனாம், ஆளையும் நிறுப்பார்களாம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் எடையைப் பார்த்தாச்சு. மானம் போச்சு, சிரிப்பும் வந்தது.

அப்புறம்தான் சொன்னார்கள். மலையில் மேகம், இன்று ப்ளேன் இல்லை. அடுத்தது சனிக்கிழமை. வளைகாப்பு நாளைக்கு!

வெளியே பா கெலாலான் போகிற ஹைலக்ஸ் வண்டி ஒன்று நிற்கிறது. ஏறப்போகிறேன். எலும்பை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

செப்டம்பர் 5, பா கெலாலான்

நேற்று வந்தது ரோடா அது? முதல் பள்ளத்திலேயே மடியில் இருந்த பெட்டிக்குள் சடக். இரண்டு வளையல் போச்சு. இப்படியே போனால் தூளைத்தான் கொண்டு சேர்ப்பேன். வேறு வழி தெரியவில்லை. மிச்சம் எல்லாவற்றையும் என் இரண்டு கையிலும் ஏற்றி, துண்டால் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மலாயில், "உனக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். பயம் ஒரு பக்கம். ஆனால் பொய் சொல்லக்கூடாது — கை நிறைய வளையலோடு அந்த மலை ஏறியது அவ்வளவு சந்தோஷம்.

காலையில் நீலாவிடம் அத்தை சொன்னதைச் சொல்லிவிட்டேன். "நான் போட்டுக்கிட்டு வந்த வளையல், உனக்கு ஆகுமா?"

"அத்தை எந்த ரோட்டுல வந்தாங்களாம்?" என்று கையை நீட்டினாள். "நீயே போடுக்கா."

என் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி அவளுக்குப் போட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசிப் பச்சை வளையல் மட்டும் கழலவில்லை, கை வீங்கியிருந்தது.

"இருக்கட்டும்க்கா, அது உனக்கு."

அத்தைக்குப் போட்டோ அனுப்பியாச்சு. அவள் கையும் என் கையும், இரண்டிலும் வளையல்.