உன் அப்பாவின் தோட்டா மேசை

லூயிஸ்டவுன், மொன்டானா
செப்டம்பர் 9, 2019

அன்புள்ள ஜோலீன்,

இன்றோடு எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. நாங்கள் இருவரும் உயிரோடும், ஒருவர்மீது ஒருவருக்கு வழக்கமாக உள்ள எரிச்சலோடும் சுகமாக இருக்கிறோம். டாஸ்மேனியாவில் நீயும் அதற்குக் குறைவில்லாமல் இருப்பாய் என நம்புகிறேன். அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டைக்கு வருவதாக நீ சொன்னதிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவுவதில்லை. உன் துப்பாக்கிக்குத் தம் கையாலேயே ஒரு பெட்டித் தோட்டா நிரப்பித் தரப்போவதாகத் தேவாலயத்தில் காப்பி குடிக்கும் அத்தனை பேரிடமும் அறிவித்தாகிவிட்டது. கடைத் தோட்டாவால் மான் சுடுவது, அவரைப் பொறுத்தவரை, அடுத்தவரின் பல்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு விருந்துக்குப் போவது போன்றது.

ஜூன் மாதம் சுடுதளத்தில் நடந்ததை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். அவர் நிரப்பிய தோட்டா ஒன்று வெடிப்பதற்குப் பதிலாகத் தும்மியது. பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்தே இல்லை. கூட்டின் அடியில் பதித்த தீப்பொட்டின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளித் துப்பாக்கிக் குழலின் நடுவில் நிறுத்திவிட்டது. இவரோ ஒன்றும் நடவாதவர்போல அடுத்த தோட்டாவை ஏற்றினார். பக்கத்துப் பண்ணை டுவைட் பாய்ந்து வந்து, "யோவ் ஆர்லின், மூஞ்சி வேணுமா வேணாமாய்யா ஒனக்கு? குழல் அடைச்சுக் கெடக்கு!" என்று கையைப் பிடித்திராவிட்டால், குழல் வெடித்து, இக்கடிதம் கறுப்புக் கரையிட்ட வேறொரு கடிதமாகியிருக்கும். வீடு வந்து சேர்ந்ததும் உன் அப்பா, குற்றம் மேசையுடையது என்று தீர்ப்பு வழங்கினார்.

வேலை ஓட்டம் சரியில்லையாம். நாற்பது ஆண்டுகளாக அவர் அறியாமலே அது தட்டுத்தடுமாறி ஓடியிருக்கிறது போலும். இணையத்தில் இதைப் பற்றி ஓயாது பேசும் இளைஞன் ஒருவனின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். அவர் முக்காலியில் உட்கார்ந்து கைகளை வீச, அவை எட்டும் எல்லையை நான் சுண்ணக்கட்டியால் கோடிட வேண்டியிருந்தது. இடப்புறம் காலிக் கூடுகள், நடுவில் குண்டைக் கூட்டில் அழுத்திப் பொருத்தும் பிரஸ், வலப்புறம் மருந்துக் குடுவை, அதற்கப்பால் முடிந்த தோட்டாக்கள். ஒரு கை மற்றொரு கையைக் கடக்கலாகாது. ஒவ்வொரு கருவிக்கும் மரச்சட்டத்தால் ஒரு வேலி. சீர்திருத்தத்தின் ருசி கண்டவர் பிறகு என் சமையலறைக்குள் நுழைந்தார். காப்பிப் பாத்திரம் அடுப்பின் இடப்பக்கம் குடியேறியது, முள்கரண்டிகள் அலமாரி மாறின. சர்க்கரையை எங்கே ஒளித்தீர் என்று கேட்டதற்கு, "அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு, நீதான் வெளியூர்க்காரி மாதிரி தேடுற, புரொபசரம்மா" என்று பதில்.

போன வாரம் டுவைட் பார்க்க வந்தார். "மேசையாய்யா இது? ஆபரேஷன் தியேட்டர் கணக்கா இருக்கே" என்று மெச்சிவிட்டு, டார்ச்சு விளக்கைக் காணோமே என்றார். மருந்து இட்டபின், குண்டு பொருத்துமுன், வரிசையாக நிற்கும் கூடுகளுக்குள் டார்ச்சு அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பது உனக்கு நினைவிருக்கும். ஒன்று காலியாக இருந்தாலும், ஒன்றில் இருமடங்கு விழுந்திருந்தாலும் அங்கேதான் தெரியும். அந்தப் படியை உன் அப்பா நீக்கிவிட்டார். "எட்டிப் பாக்குறதெல்லாம் வெட்டி வேலைய்யா. ஓட்டம் நின்னு போவுது. கை பழகிருச்சுன்னா தப்பே வராது" என்றார். டுவைட் என்னைப் பார்த்தார். நான் அவர் தட்டில் இன்னொரு துண்டு ஆப்பிள் பை வைத்தேன். நான் வேதியியல் படித்தவள். எரியும் மருந்துக்கு வேலை ஓட்டத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது.

கூடுகளுக்குள் நான் எட்டிப் பார்க்கிறேன், நீர் பிரஸின் பிடியை மட்டும் இழுத்தால் போதும் என்று அன்று மாலையே கேட்டேன். "மேசைக்கு ஒரு ஆளு போதும், நீ போய் குறுக்கெழுத்துப் போடு" என்று மேசை இருக்கும் கொட்டகையை உள்ளே தாழிட்டுக்கொண்டார். உனக்கான பெட்டி நேற்று நிறைந்துவிட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, குழந்தையைக் காட்டுவதுபோல என்னிடம் காட்டினார்.

நல்ல உடம்போடும், உன் தந்தை வழியில் வந்த பிடிவாதம் சற்றுக் குறைந்தும், நெடுநாள் வாழ்வாயாக. கம்பளி உள்ளாடை கொண்டு வா. உன் அறை இன்னும் அதே குளிர்தான். பில்லிங்ஸில் விமானம் இறங்கியதும் கடைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொள். அவர் தரும் பெட்டியை நன்றி சொல்லி வாங்கு, ஒன்றைக்கூடச் சுடாதே. பிறகு ஒருநாள் மேசைப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, இனி நான்தான் எட்டிப் பார்ப்பேன் என்று சொல். என்னை விரட்டினார், உன்னை விரட்டமாட்டார். உன்னிடம் சொல்லலாகாது என்று சென்ற ஆண்டு கண் மருத்துவமனை வாசலில் என்னிடம் வாக்கு வாங்கினார், இத்தனை காலம் காத்தேன், இன்று மீறுகிறேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் மட்டுமே தெரிகின்றன; எதிரே நிற்பது நான்தான் என்பதைக்கூட என் குரலால்தான் அறிகிறார். ஆகவே விமான நிலையத்தில் அவர் அடையாளம் காணட்டும் என்று காத்து நிற்காதே. நீயே முதலில் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா,
வெர்னா