மூன்று விரல் பாறை

என்னுடையது இல்லை, என் சிநேகிதனுடையது என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? இன்று காலை ஓடையில் ஒரு சிட்னிக்காரப் பெண்ணுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. பையிலிருந்து உன் பச்சைச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். "இவ்ளோ பெரிசா! யாரோடது?" என்று கேட்டாள்.

அது என் பைக்குள் வந்த கதையை அவளிடம் சொல்லவில்லை. தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தாய். செருப்புப் போடக்கூடாது. நம் ஊர் புலிலேகாவிலிருந்து பாதி மலை ஏறியபிறகுதான் உனக்கு விரதமே ஞாபகம் வந்தது. "டேய், அம்மன் பாக்கறதுக்குள்ள இத பையில போடுடா!"

நம் தீவில் இந்தியர்களுக்கு எதிராகப் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. உன் அப்பா கரும்புக் காட்டை விட்டுவிட்டு பிரிஸ்பேன் போக ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். உனக்குப் போக இஷ்டமில்லை. ஓடைக்கு மேலே பாறையில் டைனோசர் கால்தடம் இருக்கிறது என்று ஒரு கரும்பு லாரிக்காரன் சொன்னதும் குதித்தாய். "நெசமா இருந்தா டூரிஸ்ட் வருவான். நாம கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம். அப்பறம் அப்பா ஏன் போறாரு?" பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பாறையில் மூன்று நீளப் பள்ளங்கள், விரல் விரித்த மாதிரி. நீ உடனே மஞ்சள் தடவிக் கற்பூரம் ஏற்றினாய்.

"டைனோசருக்கா?"

"யார் காலுன்னு தெரியற வரைக்கும் கும்பிட்டு வைப்போம்டா."

அப்போதுதான் நிலத்துக்காரப் பூர்வகுடிக் கிழவர் கையில் வெட்டுக்கத்தியோடு வந்தார். நான் ஓடத் தயார். அவரோ கற்பூரத்தைப் பார்த்து, சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார். நம் ஊர் இந்தியில் சொன்னார்: "எங்க பாட்டன் பூட்டன் கல்கோடாலி தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம்டா இது! சரி, என் நிலத்துக்கு வந்தீங்களே, யங்கோனா வேர் எங்க?"

கரைத்துக் குடிக்கிற அந்த வேரில் ஒரு கட்டைக் காணிக்கை வைக்காமல் அவர்கள் கிராமத்துக்குள் போகக்கூடாது என்பது நமக்குத் தெரியாதா? டைனோசர் அவசரத்தில் மறந்துவிட்டோம். கோயிலுக்கு வைத்திருந்த தேங்காயை நீட்டினாய். அவர் ஒரே போடாகப் போட்டு மூன்று பேருக்கும் பங்கு வைத்தார். மென்றுகொண்டே மெதுவாகச் சொன்னாய், "அப்ப போகத்தான் வேணும்."

போனாய். செருப்பு என் பையிலேயே தங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினாய். குயின்ஸ்லாந்தில் நிஜ டைனோசர் தடம், பக்கத்தில் உன் பெரிய கால். "டேய், இது அசல். ஆனா தேங்கா கெடைக்கல." அந்த மழைக்காலத்திலேயே நீ ஓட்டிய லாரி கவிழ்ந்து நீ போய்விட்டாய் என்று உன் அப்பா போன் பண்ணினார்.

உன் திட்டம் பலித்துவிட்டது, தெரியுமா? டூரிஸ்ட் வருகிறான். கிழவரும் நானும்தான் கூட்டிப்போகிறோம். கோடாலிப் பள்ளம் என்று உண்மையைத்தான் சொல்கிறேன். பள்ளத்தில் விரல் வைத்துப் பார்க்கிறார்கள், யாருக்கும் ஏமாற்றமில்லை. ஆளுக்கு ஒரு துண்டு தேங்காயும் உண்டு.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். அந்தப் பெண் உன் செருப்போடு ஏறிவிட்டாள். திருப்பி வாங்கணும், போறேன்டா.