நாங்கள் பார்க்காத மேகம்

அண்ணா,

நீங்கள் கொடுத்த படத்தை நான் தரையில் போட்டு உடைத்துவிட்டேன் என்று இங்கே கொழிஞ்சாம்பாறையில் பேசிக்கொள்கிறார்கள். பால் ஊற்றுகிறவள் வரைக்கும் அந்தச் செய்தி போயிருக்கிறது. அது தவறு. நாற்காலி போட்டு ஏறி, ஆணியிலிருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, முகம் சுவரைப் பார்க்கும்படி மூலையில் சாய்த்து வைத்தேன். ஒரு கீறல் இல்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். கோபம் வந்தாலும் பொருளைப் பத்திரமாக வைக்கத்தான் எனக்குத் தெரியும்.

இப்போது ஹாலில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. சுற்றிலும் சுவர் மங்கிவிட்டது. காலையில் காபியோடு உட்கார்ந்தால் கண் அங்கேதான் போகிறது. அங்கே தொங்கிக்கொண்டிருந்தது நீங்கள் எடுத்த சின்னக்கானல் மலை. கீழே தேயிலைச் சரிவு, நடுவில் கரும்பாறை, அதற்கு மேலே அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் ஒரு பெரிய மேகம். மேகத்தின் அடியில் சாவித்துவாரம் போல ஓர் இடைவெளி, அதன் வழியாக வெளிச்சம்.

உங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களை நான் மதித்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாரும் மதிக்கவில்லை. பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்தில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணமும் பாஸ்போர்ட் படமும் எடுத்துக்கொண்டிருந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதிகம். ஏன் கலரில் எடுப்பதில்லை என்று கேட்டதற்கு, "கலர்னா சேலையத்தானுங் பாப்பாங்க, மலைய யாரு பாக்கறா?" என்றீர்கள். பிரதி போட்டதும் முதலில் என்னிடம்தான் கொண்டுவருவீர்கள். அடிவானம் நூல் பிசகினாலும் நான் விடமாட்டேன். "அம்மிணி சரின்னாத்தான் சட்டம் போடுவேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வீர்கள். ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். "வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு மொதல்ல பாருங்கம்மிணி. மத்ததெல்லாம் அப்பறம்."

அந்த மலைக்கு நீங்கள் போனபோது நாங்களும் ஜீப்பில் கூட வந்தோம். காலையிலிருந்து வானம் வெறும் வெள்ளையாக, வெளுத்த வேட்டியை விரித்தது போல இருந்தது. நீங்கள் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டுக் கை கட்டி நின்றீர்கள். கூடையோடு போன எஸ்டேட் பெண் ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என்ன சார், இம்புட்டு நேரமா நிக்கீக? மலை எங்கயும் ஓடிப்போயிராது."

"மேகம் வரோணுமுங்."

"அதுக்கு இன்னைக்கு லீவு போல" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மத்தியானம் ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தும் மேகம் வரவில்லை. அன்று இரவே நாங்கள் வீடு திரும்பியாக வேண்டும். மறுநாள் காலை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இருட்டினால் காட்டுப் பாதையில் செக்போஸ்ட்டை அடைத்துவிடுவார்கள். நான் டிபன் கேரியரை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டுப் போலாம் அம்மிணி" என்றார் என் வீட்டுக்காரர்.

"எந்திரிங்க. செக்போஸ்ட்ட அடச்சுட்டா ஆனையோட படுத்துக்கறீங்களா?"

அவர் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்து ஜீப்பில் ஏறினார். நீங்கள் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள்தான் வந்தீர்கள்.

பிறகு ஒரு நாள் சட்டம் போட்ட படத்தோடு வந்தீர்கள். படத்தில் அந்த மேகம் இருந்தது. அவர் அதைக் கையில் வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்: "நீங்க போயிக் கொஞ்ச நேரத்துலயே வந்துருச்சுங்கம்மிணி."

அண்ணா, அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் பிறகு எத்தனை வருஷம் குடியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். வருகிறவர்களிடமெல்லாம் அவர் படத்தைக் காட்டுவார். "மேகமே எங்க அம்மிணிக்குப் பயந்துட்டு, அவ கெளம்புனதுக்கப்பறந்தான் எட்டிப் பாத்துச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், முறுக்குத் தட்டை நீட்டுவேன். நீங்களும் எத்தனையோ தடவை அதே சோபாவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். காபியை ஆற்றிக் குடித்தீர்களே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசி மாதங்களில் அவர் கட்டிலை ஹாலில் போட்டிருந்தோம். படம் எதிரே இருந்தது. ஒரு சாயங்காலம் உங்களிடம் அவர் சொன்னது அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. "இன்னொருக்கா அங்க போயி, அது வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோணும்." நீங்கள், "போலாம் மாப்ள, மொதல்ல எந்திரிச்சு நட" என்றீர்கள். நான் வெந்நீர் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அன்றைக்கு அந்தப் பாறையிலிருந்து நான் எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றாத நாள் அதன் பிறகு இல்லை.

போன மாதம் உங்கள் முதல் திதிக்குப் பிறகு, உங்கள் மகள் சுகந்தி உங்கள் படங்களை மண்டபத்தில் காட்சிக்கு வைத்தாள். நீங்கள் பிரதி போடாமலே விட்டுவைத்திருந்த சில நெகட்டிவ்களையும் பெரிதாகப் பிரதி போட்டிருந்தாள். அதில் ஒன்று எங்கள் ஊர்க் கிழக்கு வாய்க்கால் ஓரத்துப் பனைமரங்கள். அதற்கு மேலே அதே மேகம். அதே அடுக்குகள். அடியில் அதே சாவித்துவாரம். வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் நான் துடைத்த மேகத்தை எனக்கு அடையாளம் தெரியாதா?

அப்போதுதான் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தேன், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று. பனைகளின் நிழல் தரையில் நீளமாக விழுந்திருந்தது. மேகத்திலும் அதே பக்கத்து வெயில். வீட்டுக்கு வந்து நம் மலைப் படத்தைப் பார்த்தேன். மேகத்தில் வெயில் அடிக்கிறது, தேயிலைச் செடிகளுக்கு நிழலே இல்லை. இத்தனை வருஷம் என் கண்ணெதிரே இருந்தது. நீங்கள் எடுத்தது என்பதால் நான் சோதித்துப் பார்க்கவில்லை.

சுகந்தியிடம் கேட்டேன். அவளுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "வானம் வெளுத்துப்போயிருந்தா அப்பா டார்க் ரூம்ல வேற நெகட்டிவ்ல இருந்து வானத்த எடுத்து வெப்பாருங்கத்தே. அந்தக் காலத்துல எல்லாரும் பண்றதுதானுங்களே."

எல்லாரும் செய்திருக்கலாம். அந்த வேலையில் ஒரு தையல் தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். அதை இப்போதும் பாராட்டுகிறேன். மலைக்கு மேகம் வைத்ததற்காக எனக்கு உங்கள்மேல் வருத்தம் இல்லை. நான் போன பிறகு வந்தது என்று சொன்னீர்களே, அதுதான். வராத ஒன்றை நான் தவறவிட்டதாகச் சொல்லி, அதைச் சட்டம் போட்டு என் வீட்டிலேயே மாட்டினீர்கள். அது எங்கள் ஊர் மேகம், அண்ணா. என் தோட்டத்துக்கு மேலே போனது. அவரும் நானும் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கூட இருப்போம்.

நீங்கள் கொடுத்த கண் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கூட வாய்க்கால் பக்கம் மேகம் ஏறியபோது, வெளிச்சம் எங்கிருந்து என்றுதான் முதலில் பார்த்தேன். அதை நான் திருப்பித் தர முடியாது. ஆனால் படத்தை மறுபடி மாட்டுவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். அவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால், வந்தவர்கள் முன்னால் நீங்கள் இருவருமாகச் சேர்ந்து என்னை வைத்துச் சிரித்திருக்கிறீர்கள். தெரியாதென்றால், அங்கே வராத மேகத்துக்கு ஏங்கிக்கொண்டே அவர் போயிருக்கிறார். இரண்டில் எது எனக்குத் தேவலை என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் தெரிய வேண்டும்.

உங்களைக் கேட்க வழியில்லை. ஆகையால் இந்த மடலை உங்கள் மகள் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

சுகந்தி, ஸ்டுடியோவில் உன் அப்பாவும் மாமாவும் பேசியதெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நீ. அந்த மலை நெகட்டிவை எடுத்து, மேகம் வைக்காமல், வெள்ளை வானத்தோடு ஒரு பிரதி போட்டுக் கொடு. நாங்கள் பார்த்தது அதுதான். மாமாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதைப் போனில் சொல்ல வேண்டாம். எழுதி அனுப்பு.

உன் அத்தை